முந்தியது யார்?

“மாமாவுக்கு மூச்சு இருக்குதுங்களா, மச்சான்?”

காலையிலிருந்து யாஸ்மின் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் அப்துல் குத்தூஸ் கிடக்கும் முன்னறை வாசலில், அவள் புருஷனின் அண்ணன் ரைஹான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கேள்வியைக் கேட்டதும் எரிந்து விழுந்தான்.

“அதெல்லாம் இழுத்துட்டுத்தான் இருக்குது. உனக்கென்ன அத்தனை அவசரம்? ரிஃபத்து எப்படி இருக்கான்?”

“தூங்கறாங்க. எழுப்ப வேண்டாங்க.”

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய், சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

இந்த விசாரிப்பெல்லாம் எதற்கென்று கோட்டைமேட்டில் அந்தத் தெருவுக்கே தெரியும். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து நினைவு தப்பிவிட்டது. இளைய மகன், யாஸ்மினின் புருஷன் ரிஃபத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தகப்பன் இருக்கும்போதே ஒரு மகன் போய்விட்டால், இன்னொரு மகன் இருக்கிறவரை, போனவனின் பிள்ளைகளுக்குத் தாத்தா சொத்தில் பங்கு கிடையாது. ஷரீஅத் சட்டம் அப்படி. நினைவோடு இருந்தபோது பேத்திகள் பேருக்கு ஏதாவது எழுதிவைத்திருக்கலாம். பெரியவர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டே படுத்துவிட்டார்.

ஆக, தகப்பன் முந்தினால் யாஸ்மினுக்கும் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் அந்த வீட்டில் ஒரு மூலையாவது மிஞ்சும். மகன் முந்தினால் ரைஹான் மனசு வைத்தால்தான் உண்டு. அவன் மனசு எப்பேர்ப்பட்டது என்பது ஊரறிந்த விஷயம்.

முன்னறைக்கு மகன் காவல், பின்னறைக்கு மருமகள் காவல். இரண்டு பேரும் உள்ளே யாரையும் விடவில்லை. என்ன குடும்பமோ!

ரைஹானின் அம்மா மைமூன், விடியற்காலைத் தொழுகை முடிந்து அடுப்படி நிலைப்படியில் வந்து உட்கார்ந்தவள்தான். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. பேத்திகளுக்குக் கடையிலிருந்து பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

“ஏம்மா, கொஞ்சம் கஞ்சியாச்சும் வெக்கக்கூடாதா?” என்று ரைஹான் கடிந்துகொண்டான்.

“யாரு குடிக்கப் போறாங்க?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “டாக்டரை வேணா ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. இனி அத்தாவுக்கு ஊசி போட்டு எதுக்குத் தொந்தரவு?” என்றான் ரைஹான்.

“வேண்டாங்க மாமி. இப்பத்தான் அசந்து தூங்கறாங்க” என்றாள் யாஸ்மின்.

மைமூன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் ஷாஹுல் வாசலில் வந்து நின்றான்.

“ஏனுங்க, சத்தியமங்கலத்துல இருந்து உங்க சொந்தக்காரங்க போன் பண்ணியிருக்காங்க. ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க, கிளம்பி வரட்டுமான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டுங்க?”

“அத்தா அப்படியேதான் இருக்காருன்னு சொல்லு. யாரும் வர வேண்டாம்” என்றான் ரைஹான்.

“அவங்களும் அப்படியேதான் இருக்காங்கன்னு...” யாஸ்மின் பாதியில் நிறுத்தினாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மைமூன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“ஷாஹுலு, எல்லாரையும் உடனே கிளம்பி வரச் சொல்லுப்பா. அப்படியே பள்ளிவாசல்ல சொல்லி, ரெண்டு குழி வெட்டச் சொல்லிரு.”

ரைஹான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். “யாருக்கும்மா ரெண்டு? என்ன பேசறே நீ?”

மைமூன் மருமகளின் பக்கம் திரும்பினாள். “வாயிலிருக்கற துணிய எடு கண்ணு. எம்மகனுக்காக வாய்விட்டு அழு. உம்பங்கு எங்கயும் போயிராது.”

“அதெப்படிப் போகாம இருக்கும்? யாரு முந்தினதுன்னு நீ எப்படிச் சொல்லுவே?” ரைஹான் கத்தினான். கத்திய பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது.

மைமூன் நிதானமாகச் சொன்னாள்.

“நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடியே, மொதல்ல அவரு கண்ணையும், பொறவு எம்மகன் கண்ணையும் நாந்தான்டா மூடி உட்டேன்.”