ஈனோஸ் ஐயாவின் பஸ் கண்ணாடி

பஸ்ஸின் கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, டிரைவர் தலைக்கு மேலே ஒன்று. எதையும் விட்டுவைக்கவில்லை.

போர்ட் மரியா சந்தைக்குப் போகும் கடலோர வளைவில் பஸ்ஸை நிறுத்திய போலீஸ் கார்ப்பரல் பின்னக், அதை ஒரு முறை சுற்றி வந்தார். கிங்ஸ்டனிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் டிரைவர் வென்டல்மீது இரண்டு கேஸ் எழுதிவிட்டார்.

"என்னய்யா வேஷம் இது? பின்னால வர்ற வண்டிய எப்படிப் பாப்ப? முதுகுல கண்ணு இருக்கா?"

வென்டல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "மொதலாளி தவறிட்டாரு சார். ஈனோஸ் ஐயா. இன்னிக்கு அஞ்சாம் நாள். ஒம்பதாம் ராத்திரி முடியற வரைக்கும் அவரு கண்ணாடிய மூடித்தானே வைக்கணும்? தொறந்தா டப்பியா, அதான் ஆவியா, வந்து அதுக்குள்ள நின்னுக்குவாரே!"

"அதெல்லாம் வீட்டுக் கண்ணாடிக்குய்யா!"

"அவரு வீட்டுல எங்க சார் இருந்தாரு? விடிஞ்சா அடைஞ்சா இந்த பஸ்தான். தலை சீவுறது, பல்லு குத்துறது எல்லாமே இந்தக் கண்ணாடியப் பாத்துதான்."

உள்ளே இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மடியில் சீமைப்பலாக் கூடையோடு இருந்த ஐசில்டா, தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி சீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, எனக்கென்ன என்று சாய்ந்து கிடந்தார்.

"எப்படிப்பட்ட மனுஷன்?" என்று பின்னக் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"தங்கமான மனுஷன் சார். வாய்தான் சாக்கடை."

கடைசி சீட்டுப் பெரியவருக்கு இருமல் வந்தது.

"செத்தவரத் தப்பாப் பேசாத," என்று அதட்டிய பின்னக், பஸ் முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. மங்கல் வெளிச்சத்துல கண்ணாடிய மொறச்சுப் பாத்துட்டே இருந்தா நம்ம மூஞ்சியே வேற யாரோ மாதிரி தெரியும். கண்ணு செய்யற கோளாறு அது. சாவு விழுந்த வீட்டுல தூங்காம அழுதுட்டுக் கெடக்கறவன் கண்ணாடியப் பாத்தா, செத்தவன் நிக்கற மாதிரிதான் இருக்கும். அதுக்குத்தான் அந்தக் காலத்துல துணியப் போட்டு மூடினான். இப்ப காலைல பத்து மணி, வெயில் மண்டையப் பொளக்குது. இதுல எந்த டப்பி வரும்? கழட்டு துணிய!"

"சார்..."

"கழட்டலேன்னா மூணாவது கேஸ். அதோட உன் லைசென்ஸ் போச்சு."

லைசென்ஸ் போனால் வென்டலுக்கு வேறு தொழில் தெரியாது, வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை வேறு. துணியை அவிழ்த்தாலோ, கதை அதைவிட மோசம்.

"என் கையால மாட்டேன் சார். வேணும்னா நீங்களே அவுத்துக்குங்க. மொதல்ல யாரு பாக்கறாங்களோ அவங்களத்தான் தொணைக்குக் கூப்பிடுவாராம். எனக்குக் கொழந்தை இருக்கு சார்."

"நகரு," என்று சொல்லிவிட்டு பின்னக் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியருகே வந்தார். முடிச்சில் கை வைத்தார்.

அதுவரை கடல் காற்றில் உப்பியிருந்த துணி மெல்ல அடங்கியது. அடங்கியதோடு நிற்காமல், கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்தது. பிறகு மறுபடியும் உப்பியது.

"மூச்சு விடறாரு!" என்று ஐசில்டா அலறினாள். "ஐயோ கடவுளே, ஈனோஸ் ஐயா மூச்சு விடறாரு!"

அவ்வளவுதான், பஸ்ஸே சேர்ந்து சாவுப் பாட்டைப் பிடித்துக்கொண்டது. சீட்டில் கையால் தாளம் போட்டு, பழகிய கோஷ்டிபோல ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். துணி இன்னொரு முறை குழிந்து உப்பியது.

பின்னக்கின் கை முடிச்சிலிருந்து தானாக விலகியது. இரண்டடி பின்னால் போய், அந்தக் கண்ணாடிக்கு நேராக இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். இத்தனை நேரம் விளக்கம் சொன்ன மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"எனக்கு ஒண்ணும் பயமில்ல," என்றார். "ஒரு சடங்க நடுவுல நிறுத்தறது எனக்குப் புடிக்காது, அவ்வளவுதான். ஒம்பது நாள் முடிஞ்சதும் துணியில்லாம ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து காட்டு. பாத்து, மெதுவாப் போ."

தொப்பியைக் கழற்றி பஸ்ஸுக்கு ஒரு வணக்கம் வைத்தார். வென்டல் அதற்குள் கியரைப் போட்டுவிட்டான்.

வளைவு திரும்பியதும் பாட்டு நின்றது. வென்டல் ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிப் பின்னால் பார்த்தான். ஜீப் எதுவும் வரவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

கடைசி சீட்டுப் பெரியவர் தொப்பியை மேலே தள்ளிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னும் நாலு நாள் நான் செத்தே இருக்கேன்டா வென்டல், அதுக்குள்ள நீ ஒடச்சு வெறும் சட்டமா வச்சிருக்கற ரெண்டு கண்ணாடிக்குப் பதிலா எங்கயாச்சும் ஓசியில கெடைக்குதான்னு பாரு!"