நாற்பத்தேழு எச்சரிக்கைகள்

"நாப்பத்தேழு!"

மூர்த்தி அந்தத் தாளை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"மத்த அஞ்சு பேருக்கும் சேர்த்து நாலு. ஒரே ஆள் பேர்ல மட்டும் நாப்பத்தேழு. என்ன மாரிசெல்வி இது?"

மாரிசெல்வி அந்தத் தாளைப் பார்த்தாள்.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவர்கள், மூர்த்திக்குக் கீழே வேலை பார்க்கும் இந்த ஆறு பேர்.

சனிக்கிழமைதோறும் மூர்த்தி கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி ஆணை தட்டுவார். உடனே 'லிண்ட்' என்ற கருவி எல்லாருடைய புரோகிராமையும் வரி வரியாகப் படித்து, தப்பு நேரக்கூடிய இடங்களைப் பட்டியல் போட்டுவிடும். எந்த எச்சரிக்கை யார் பெயரில் என்பதற்கு மூர்த்தி வைத்த விதி ஒன்றுதான். ஒரு ஃபைலில் கடைசியாகக் கை வைத்தவர் யாரோ, அதிலுள்ளது எல்லாம் அவர் பெயரில்.

"எந்த ஃபைல் அது?"

"ரெண்டு கை பட்டன் ஃபைல் சார்."

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் கீழே இறங்கும். தொழிலாளியின் கை உள்ளே மாட்டாமல் காப்பது அந்தப் புரோகிராம்தான்.

"ஆறு வருஷமா ஒரு எச்சரிக்கைகூட இல்லாம இருந்த ஃபைல். உன்னை யாரு அதுல கை வெக்கச் சொன்னது?"

"கரண்டு போயிட்டு வந்தா பிரஸ் ஒரு தடவை தானா அசையுதுன்னு பேச்சி சொன்னா சார். அதான் தொறந்து பார்த்தேன்."

"பேச்சி யாரு?"

"என் ரூம்ல இருக்கிற புள்ள. நம்ம பெட்டி மாட்டின பிரஸ்லதான் வேலை பாக்கா."

கூட வேலை பார்க்கும் ரகுபதி சிரித்துவிட்டான். "லைன்ல நிக்கிற பொண்ணு பேச்சைக் கேட்டு புரோகிராமை நோண்டிக்கினு கீது சார். நாளைக்கு கேன்டீன் மாஸ்டர் வந்து எதுனா சொல்லுவாரு, அதையும் சேர்த்துடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மூர்த்தி சிரிக்கவில்லை.

"லிண்ட் சொல்றதைத் திருத்தாம ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாதுன்னு தலைதலையா அடிச்சிக்கிறேன். திங்கக்கிழமையோட உனக்கு ஆறு மாசம் முடியுது. உன்னை நிரந்தரம் பண்றதா வேணாமான்னு இன்னைக்கு நான் எழுதி அனுப்பணும். இந்தத் தாளை வெச்சிக்கிட்டு என்ன எழுதுறது, நீயே சொல்லு."

மாரிசெல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

டீ குடிக்கப் போனபோது ரகுபதிக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"ஏம்மா, பழைய ஃபைல் பக்கம் நாங்க யாராச்சும் போறோமா? தொட்டா நம்ம தலையில வுழும்னு தெரியாது உனக்கு?"

"தெரியும்ண்ணே."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"பேச்சி கை அந்த பிரஸ்லதான இருக்கு."

அவன் டீயைக் குடித்து முடித்தான். 

மூர்த்தி தன் அறையில் படிவத்தை எடுத்து மாரிசெல்வி பெயரை எழுதினார். 'வேண்டாம்' என்று எழுதுவதற்கு முன் காரணமாகக் காட்ட இரண்டு மூன்று தப்புகள் தேவைப்பட்டன. அந்த ஃபைலின் பழைய பிரதியையும் புதுப் பிரதியையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார்.

அவள் புதிதாகக் குப்பை எதையும் சேர்த்திருக்கவில்லை. அங்கங்கே சின்னச் சின்னத் திருத்தங்கள் இருந்தன. அதோடு, பழைய பிரதியின் தொடக்கத்தில் இருந்த ஒரு வரியைக் காணோம்.

அது லிண்டுக்கான ஆணை. 'இந்த ஃபைலில் எதையும் காட்டாதே' என்ற ஆணை.

பழைய பிரதியிலும் அந்த வரியை எடுத்துவிட்டு மூர்த்தி கறுப்புத் திரையில் ஆணையைத் தட்டினார். எச்சரிக்கைகள் திரை நிறைய ஓடி நின்றன.

அறுபத்தொன்று.

அறுபத்தொன்றில் பதினாலை அவள் திருத்தி முடித்திருந்தாள். முதலில் திருத்தியது, கரண்டு வந்ததும் 'கைகள் பட்டனில் இல்லை' என்ற நிலையிலிருந்து தொடங்க வைக்கும் இடம். பழைய புரோகிராமில் எந்த நிலையிலிருந்து தொடங்குவது என்றே எழுதியிருக்கவில்லை. பிரஸ் அசைந்தது அதனால்தான்.

அவள் எடுத்துவிட்ட வரியை மூர்த்தி மறுபடி பார்த்தார். அதைப் போட்டவரின் பெயரும் தேதியும் பக்கத்திலேயே இருந்தன.

'மூர்த்தி, 12-3-99. டெலிவரி அவசரம். பிறகு பார்க்க வேண்டும்.'

அவர் போனை எடுத்தார். புதுப் புரோகிராம் ஏற்றும் வரை அந்த பிரஸ்களை ஓட்ட வேண்டாம் என்று தொழிற்சாலைக்குச் சொன்னார். அடுத்து, படிவத்தில் 'நிரந்தரம் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாரிசெல்வியைக் கூப்பிட்டார்.

"அந்த வரியை யார் போட்டாங்கன்னு பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் சார்."

"நான் அவ்வளவு பேசினேனே. 'நீங்க போட்டதுதான் சார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். உன் வேலையே போயிருக்கும்மா. ஏன் சொல்லலை?"



"நீங்க எல்லாரு முன்னாடியும்ல கேட்டீங்க சார்."