எஞ்சினோடு

இன்னும் எத்தனை தெரு தாண்டினால் அண்ணன் விஷயத்துக்கு வருவான் என்று நினைத்தபடியே அவள் கியரை மாற்றினாள். இரண்டு பேக்கரிகளில் முட்டை இறக்கியாயிற்று. அதுவரை அவன் வெயிலையும் தன் முழங்கால் வலியையும் தவிர வேறெதுவும் பேசவில்லை.

"இது வண்டியா, மாவு மிஷினா? நான் பேசறது எனக்கே கேக்கலை."

"அப்ப எதுக்கு வந்தேன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லு."

பத்தொன்பது வருடப் பிக்கப். எஞ்சின் அதனுடையதல்ல, பெரிய வேனில் ஓடியது. அதை உட்கார வைக்க மெக்கானிக் தரையை வெட்டி, பானட்டை இரண்டு விரல் உயர்த்தியிருந்தார். வேகம் காட்டும் முள் அசைவதே இல்லை. கால் பக்கம் அடுப்படி போலத் தகிக்கும். 'பொருந்துற எஞ்சினே பாதி விலைக்குத் தரேம்மா' என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். இதுதான் வேண்டும் என்று அவள் நின்றுவிட்டாள். மாற்றி இரண்டு மாதமாகிறது.

"எங்க முதலாளி இந்த வண்டியைக் கேக்கறார்" என்றான் அண்ணன். "ஆபீஸ் வாசல்ல அழகுக்கு ஒரு பழைய வண்டி நிறுத்தணுமாம். பதிலுக்குப் புதுப் பிக்கப்பே தர்றாராம்."

"என் வண்டி இருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் எஞ்சின் மாத்தினதைப் பதிய மனு குடுத்தே இல்ல? அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல யாரோ சொன்னாங்களாம்."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழகுக்குத்தானே? எஞ்சினைக் கழட்டிக்கிட்டு வெறும் வண்டியைத் தரேன்."

"அதெல்லாம் வேணாம். எஞ்சினோடதான் வேணுமாம். ஒரு ஸ்பேனர்கூட படக் கூடாதுன்னார்."

"அழகு எஞ்சின்லதான் இருக்கு போல."

"உனக்கு எல்லாம் விளையாட்டு." அவன் குரல் தணிந்தது. "மாப்பிள்ளை உசிரு போன வண்டிம்மா. எவனோ ஒரு பாவி இடிச்சிட்டு நிக்காமப் போனான். நசுங்கினதைத் தட்டி நிமித்தி நீ அதையே ஓட்டிக்கிட்டுத் திரியறே. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"முட்டை உடையாம வந்திருக்கான்னு நினைப்பாங்க."

முதல் வாரம் இந்த எஞ்சின் உறுமும்போதெல்லாம் அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். பிறகு காது பழகியது, மனம் பழகவில்லை. கணவன் மேல் வைத்த பாசத்தில்தான் வண்டியை விடாமல் இருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் திருத்தவில்லை. ஆனால் வெறும் பாசம்தான் என்று நினைத்துவிட்டால், விட்டுக்கொடு என்று கேட்கும் தைரியம் எவருக்கும் வந்துவிடுகிறது.

"மேனேஜர் நாற்காலி எனக்குத்தான்னு சொல்லியிருக்கார்" என்றான் அண்ணன். "நீ மாட்டேன்னுட்டா நான் அந்த வாசப்படி ஏற முடியாது. எனக்காகம்மா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் அவளோடு உட்கார்ந்திருந்தவன் இவன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. எதையும் ஒளிக்கத் தெரியாத முகம் அவனுக்கு. அவள் விழுங்கிக்கொண்டாள்.

அவன் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் பிரேக்கை மிதித்தாள். எஞ்சினை அணைக்கவில்லை. மாடி ஜன்னலில் முதலாளி நின்றிருந்தார். வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்குண்ணா."

"சரின்னு சொல்லட்டுமா?"

"தர மாட்டேன்னு சொல்லு."

"இதைவிட நல்ல விலை உனக்கு யாரு குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க" என்றாள் மெதுவாக. "முழங்காலைப் பாத்து இறங்கு."

அவள் கணவனை மோதிவிட்டு நிற்காமல் போன வேன், அதற்கு முந்தின மாதமே எஞ்சினோடு எரிந்து கரியாகிவிட்டதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தவர் அந்த மாடி ஜன்னலில் நின்றிருந்தார். ஏழு மாதம் பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி, கிரீஸைத் துடைத்துத் துடைத்து, அவர் எழுதிக் கொடுத்த எண்ணோடு ஒத்துப் பார்த்து அவள் கண்டெடுத்த அந்த வேனின் எஞ்சின், அவர் கண்ணெதிரே உறுமிக்கொண்டு கிளம்பியது.