பொருத்தமான காதணி

"உங்க வலையாலதான் எல்லாம் நாசம்! மூணு வாரமா என் தூண்டில்ல ஒரு சால்மன்கூடக் கடிக்கல!"

வலையைத் தடை செய்யச் சொல்லும் மனுவோடு, கொலம்பியா ஆற்றங்கரையில் வலைபோட்டு மீன் பிடித்து விற்கும் என்னிடமே கையெழுத்து கேட்டு வந்திருந்தார் ட்வெய்ன்.

"எங்க யாகமா பழங்குடி ஜனங்க இங்க மீன் பிடிக்கலாம்னு உங்க முப்பாட்டன்மாரே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். என் கையெழுத்து எதுக்கு?"

முறைத்தவர் கண்ணில், நான் செய்து தொங்கவிட்டிருந்த காதணிகள் பட்டன.

"இதுல ஒண்ணு குடு. இன்னிக்கும் வெறுங்கையோட போனா என் பொண்டாட்டி கேரல் வீட்டுக்குள்ள விடமாட்டா."

நானே ஒரு வெள்ளி ஜோடியைத் தேடி எடுத்தேன். "உங்களுக்கு இதுதான் சார் பொருத்தம்."

மறுநாள் காலை அந்தக் காதணியோடு கேரலே வந்துவிட்டாள். பின்னால் ட்வெய்ன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"லவினா, இந்தத் தகடெல்லாம் உனக்கு எங்க கிடைக்குது?"

"வலையில விழுற சால்மன் வாயிலதாங்க. மீனுக்கு ஆசை காட்டத் தூண்டில் முள்ளோட கட்டுற மினுக்குத் தகடு இது. தூண்டில் நூல்லேருந்து தகட்டைப் பிச்சுக்கிட்டு வந்த மீனுங்க. முள்ளைக் கழட்டிட்டுக் காதணி செஞ்சிடுவேன்."

கேரல் காதணியைத் திருப்பிக் காட்டினாள். 'அன்பு ட்வெய்னுக்கு, பிறந்தநாள் பரிசு - கேரல்' என்று பொறித்திருந்தது.

"மீனெல்லாம் நல்லாத்தான் கடிச்சிருக்கு. இந்த மனுஷனுக்குத்தான் முடிச்சுப் போடத் தெரியல!"