கம்பிக்கு வெளியே கரண்டி

“மாப்பிள்ளை, லிஃப்ட் நின்னுபோச்சு!”

‘டமார்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து விடாமல் அலார மணி. அதற்கும் மேலாக மாமியாரின் குரல். மாப்பிள்ளை அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வாசலுக்கு ஓடினான்.

அது பழைய காலத்துக் கம்பிக்கதவு லிஃப்ட். நாலாவது மாடியை முழுதாக எட்டாமல் பாதியில் தொங்கியது. தரையோடு தரையாக மாமியாரின் முகம் மட்டும் கம்பிகளுக்கு நடுவே தெரிந்தது. அவர் காலடியில் ஒரு காலி சூட்கேஸ்.

சூட்கேஸ் மகளின் துணிமணிகளுக்கு. கால் முறிந்து கட்டோடு கிடக்கிறாள் மகள். கட்டுப் பிரிக்கும்வரை அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகப் போனிலேயே அறிவித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

காரணம் மாப்பிள்ளையின் சமையல். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மனைவி படுத்ததிலிருந்து வேளாவேளைக்கு, கடையில் இருப்பதிலேயே மலிவான நூடுல்ஸ்தான். தண்ணீரில் போடுவான், பொடியைக் கொட்டுவான், கொழகொழவென்று தட்டில் சரிப்பான். மனைவி இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் மாமியாரிடம் ‘அனுப்ப மாட்டேன்’ என்று சொல்ல அவனுக்கு வாய் கிடையாது. ‘வர மாட்டேன்’ என்று சொல்லும் வாய் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

“பயப்படாதேம்மா, வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன்” என்று ஹால் சோபாவில் இருந்தபடியே குரல் கொடுத்தாள் மகள். கால் தலையணை மேல், போன் கையில். “கால் மணி நேரம் ஆகுமாம். ஏங்க, கதவைத் திறந்தே வைங்க, அம்மாவுக்குப் பேச்சுத்துணையா இருக்கும். நீங்க சமையலைப் பாருங்க, எனக்குப் பசிக்குது.”

வாசலை ஒட்டியே சமையலறை. லிஃப்டில் இருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். மாமியார் பார்த்தார்.

“என்ன அது கையில? அதே கண்றாவியா?”

“தண்ணி கொதிச்சிடுச்சு அத்தை. போடப்போறேன்.”

“போடாதீங்க. முதல்ல அந்தத் தண்ணியை இறக்கி வைங்க.”

மாமியார் வரும்போதெல்லாம் சமையல் சொல்லித் தருகிறேன் என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்த நிமிடம் கரண்டி அவர் கைக்குப் போய்விடும், மாப்பிள்ளை தொட்டி முன்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பான். இன்னொருவர் கையில் கரண்டியைப் பார்த்தாலே அவருக்குக் கை ஊறும். இப்போதும் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். மணிக்கட்டு வரை கம்பிக்கு வெளியே வந்தது. அதற்குமேல் வரவில்லை.

வேறு வழியில்லாமல் வாயாலேயே சமைக்கத் தொடங்கினார்.

முதலில் பூண்டைப் பொடியாக நறுக்கச் சொன்னார்.

“எத்தனை மில்லிமீட்டர் அத்தை?”

“உங்க லென்ஸைவிட மெல்லிசா. நறுக்குங்க மாப்பிள்ளை.”

எண்ணெயில் பூண்டு சிவந்ததும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போகட்டும் என்றார். பொடியைத் தண்ணீரில் கொட்டாமல், அந்த எண்ணெயிலேயே பாதியைப் போட்டுப் பிரட்டச் சொன்னார். வாசனை மாடிப்படி இறங்கிப் போனது. தண்ணீர் நூடுல்ஸை மூடினால் போதும், அது நீச்சலடிக்க வேண்டாம் என்றார். நூடுல்ஸ் இன்னும் விறைப்பாக இருக்கும்போதே நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, தீயைக் குறைத்து மூட வைத்தார். கிளறப் போனவனை, “கையை எடுங்க. அது தானா வேகும்” என்று அதட்டினார்.

“வறுத்த வேர்க்கடலை இருக்கா?”

“டிவி பார்க்கிறப்போ கொறிக்கிறது இருக்கு அத்தை.”

“நசுக்கித் தூவுங்க. எலுமிச்சம்பழம் இறக்கினப்புறம்தான். அடுப்பில இருக்கிறப்போ பிழிஞ்சீங்கன்னா கசந்துடும்.”

ஒரு ஸ்பூன் எடுத்துக் கம்பி வழியாக நீட்டினான். மாமியார் கண்ணை மூடி மென்றார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போல அவன் தரையில் குந்தியிருந்தான்.

“இது யார் செஞ்சது?”

“நீங்கதான் அத்தை.”

“நான் எங்க செஞ்சேன்? நான் கம்பிக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்?” இதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி மேலே வந்தது.

மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள், விரலையும் விடவில்லை. மாமியார் காலி சூட்கேஸைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்து, நாளைக்கு நான் இல்லாவிட்டால் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். பூண்டில் தொடங்கி எலுமிச்சை வரை அவன் ஒன்று விடாமல் ஒப்பித்தான். முட்டை தீர்ந்துபோனால் இரண்டு கேரட்டைச் சீவிப் போடலாமா என்று தன் பங்குக்கு ஒரு யோசனையும் கேட்டான்.

“போடலாம், போடலாம்” என்றார் மாமியார். “சரி, அவ இங்கேயே இருக்கட்டும். கட்டுப் பிரிச்சதும் ரெண்டு பேருமா அங்க வாங்க.”

சொல்லிவிட்டுத் தட்டுகளை அள்ளிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். சரித்திரத்தில் முதல்முறையாக மாமியார் பாத்திரம் தேய்க்க, மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்தான்.

மேஜை மேல் மனைவியின் போன் அடித்தது. அவள் அவசரமாக எட்டி எடுக்கப் பார்த்தாள். கட்டுப் போட்ட கால் ஒத்துழைக்கவில்லை. அவனே எடுத்துக் காதில் வைத்தான்.

“அக்கா, வாட்ச்மேன் பேசறேன். நீங்க சொன்ன மாதிரியே அம்மா ஏறினதும் லிஃப்ட் சுவிட்சை அணைச்சு, கால் மணி நேரம் கழிச்சுப் போட்டுட்டேன். இறங்கும்போதும் நிறுத்தணுமா?”