தமயந்தி கொடுத்த பாட்டில்

“என் பொண்ணு மூத்திரத்துல உங்களுக்கு என்னங்க ஆராய்ச்சி?” மாடிப்படியில் தமயந்தி போட்ட சத்தத்தில் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. எதிர்வீட்டுப் பிரிசில்லா அசரவில்லை. எந்த விஷம் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் அவளுக்கு உத்தியோகம்.

“அக்கா, நித்யகலா பூசுற சிவப்பழகு கிரீம்ல பாதரசம் இருக்கும்போல. காலையில கண்ணு வீங்குது பாருங்க. கிட்னி போயிரும்.”

“மண்டபம் பிடிச்சாச்சு. விஷயம் தெரிஞ்சு கல்யாணம் நின்னா, உங்க எலியையா கட்டி வைப்பீங்க?”

கடைசியில் பிரிசில்லாவின் வாயை அடைப்பதற்காகவே ஒரு பாட்டில் நிரம்பிப் போனது. சில நாளில் பிரிசில்லா ஓடிவந்தாள். “பாதரசம் எக்கச்சக்கம்க்கா. நித்யாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“அதெப்படி? அது என்னோடதாச்சே!” என்று கத்திவிட்டாள் தமயந்தி. பிறகுதான் அவள் கை கன்னத்துக்குப் போனது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். நாங்கள் பவுடர் என்றே நினைத்திருந்தோம்.

“நீயுமாம்மா?” என்றாள் மகள்.

“ஒரு விரல்தாண்டி தொட்டேன். உங்கப்பா இத்தனை வருஷம் கழிச்சு மஸ்கட்லேர்ந்து வர்றாரு.”

அன்றே கிரீம் குப்பைக்குப் போனது. வீக்கம் வடிந்த நித்யகலா மாநிறமாகவே மணவறையில் உட்கார்ந்தாள்; மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில்தான் குறை சொன்னார்கள். தமயந்திக்கு மட்டும் வைத்தியம் நீண்டது. மஸ்கட்காரர் திரும்பிப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் வீடு பார்த்தார். சாமான் வண்டியின் முன்சீட்டில் இருவரும் புதுமணத் தம்பதி மாதிரி நெருக்கியடித்து உட்கார்ந்து போனதை எல்லோரும் பார்த்தோம்.