தோல் கையுறை

தமிழ் ஊர்களை வேறு மாநிலத்தோடு சேர்ப்பதை எதிர்க்கும் எல்லைக் கூட்டத்தில் பேச அக்கரைக்குப் போகவேண்டிய மிராசுதார் உமாபதி, ஓடத்தருகில் நின்று மூன்று ஜோடி கையுறைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

“நூலு நனைஞ்சிடும். கம்பளி அரிக்கும். மாட்டுத் தோலுதான் சரி.”

‘துடுப்பு போடப் போறாராக்கும். கொப்பளத்துக்கு இம்மாம் பயம்’ என்று ஓடக்காரன் சிட்டிபாபு உள்ளுக்குள் சிரித்தான்.

ஆனால் உமாபதி துடுப்பைத் தொடவே இல்லை. கரை சேர்ந்ததும் சேற்றைக் கண்டு, கையுறைக் கையை அவனிடம் நீட்டினார். சிட்டிபாபு பிடித்து இறக்கிவிட்டான். உடனே அவர் கையுறைகளைக் கழற்றி ஆற்றில் எறிந்தார்.

“புதுசாச்சே சாமி?”

“நீ தொட்டுட்டியேடா.”

பிறகு மேடையேறி முழங்கினார்: “தமிழரெல்லாம் ஒரே ரத்தம். நம்மைப் பிரிக்க இவர்கள் யார்?”